அன்புக்கு இருப்பிடம் எது?

அன்பு உடலில் எங்கே குடியிருக்கிறது என்று நம் மொழியைக் கேட்டால், அது முதலில் நெஞ்சைத்தான் காட்டும். நெஞ்சு உருகுகிறது, நெஞ்சு பதைக்கிறது, நெஞ்சம் நிறைகிறது என்கிறோம். தாயன்பு என்று வந்துவிட்டால் இடம் மாறிவிடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிகிறது. பாசமும் அச்சமும் கலந்துவரும் வேளையில் ஈரக்குலை நடுங்குகிறது. ஆனால் ‘என் மூளை உன்னை நேசிக்கிறது’ என்று எந்தக் காதலனும் சொன்னதில்லை. சொன்னால் அவள் சிரித்துவிடுவாள். மூளைக்காரன் என்றால் நமக்குக் கணக்குப் பார்ப்பவன், காரியம் சாதிப்பவன். அன்பையும் மூளையையும் நாம் அவ்வளவு தொலைவில் வைத்திருக்கிறோம்.

ஆயினும் கடந்த கால் நூற்றாண்டுக்கு மேலாக, நெஞ்சின் படபடப்புக்கும் வயிற்றின் கலக்கத்துக்கும் மூளையே மூலம் என்று ஆய்வுக்கூடங்கள் சொல்லி வருகின்றன. காதலிப்பவரின் மூளையில் இன்ன பகுதிகள் விழித்துக்கொள்கின்றன, இன்ன பகுதிகள் அடங்கிப்போகின்றன என்று படம் போட்டே காட்டுகின்றன. இதைக் கேட்டதும் நம்மில் சிலருக்குச் சினம் வருகிறது, சிலருக்கு அச்சம் வருகிறது. வேறு சிலருக்கோ ஒருவகை விடுதலை உணர்வே வருகிறது. அன்பு என்பது வெறும் இரசாயனம்தானா என்று கேட்கிறோம்.

இக்கேள்வி படித்தவர்களின் பொழுதுபோக்கு அன்று. ஓடைப்பட்டியின் திராட்சைத் தோட்டங்களிலும் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களிலும் உழைத்துண்ணும் குடும்பங்களின் வாசலுக்கும் இது வந்து நிற்கிறது. மகன் வேற்றுச் சாதிப் பெண்ணை விரும்புகிறான் என்று தெரிந்ததும், “வயசுக் கோளாறு, ரெண்டு வருசத்துல தெளிஞ்சிரும்” என்கிறார் தந்தை. மணமாகிப் பத்தாண்டு கழிந்த கணவன், “அவமேல எனக்கு ஒண்ணும் தோணல, நான் என்ன செய்ய?” என்கிறான். இருவரும் எதிரெதிர் நிலையில் நிற்பவர்போல் தோன்றினாலும் ஒரே கருத்தின்மேல்தான் சாய்ந்து நிற்கிறார்கள். உணர்ச்சி தானாக வருவது, தானாகப் போவது, அதற்கு எவரும் பொறுப்பாளி அல்லர் என்பதே அக்கருத்து. மூளையியல் உண்மையிலேயே இதற்குச் சான்று சொல்கிறதா என்று பொறுமையாக ஆராய்ந்து பார்ப்போம்.

படம் காட்டுவது என்ன?

முதலில் கருவியைப் பற்றி ஒரு சொல். எம்.ஆர்.ஐ. கருவி எண்ணங்களைப் படம் பிடிப்பதில்லை. மூளையின் ஒரு பகுதி மிகுதியாக உழைக்கும்போது உயிர்வளி நிறைந்த குருதி அங்கே மிகுதியாகப் பாய்கிறது. உயிர்வளியுள்ள குருதிக்கும் அதை இழந்த குருதிக்கும் காந்தத் தன்மையில் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைக் கொண்டு மூளையின் செயலை அளக்கலாம் என்பதை ஜப்பானிய அறிவியலார் சேஜி ஒகாவா 1990-இல் காட்டினார். ஆகவே நாம் காணும் வண்ணப்படம் அன்பின் படம் அன்று. அன்பு நிகழும்போது குருதி எங்கே மிகுகிறது என்பதன் படம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து எந்த வயல் பாய்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த வயலில் என்ன விதைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

இந்த எல்லையை மனத்தில் கொண்டே ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆந்திரேயாஸ் பார்ட்டெல்ஸ், செமிர் சேக்கி என்னும் இருவர், ஆழ்ந்து காதலிப்பதாகச் சொன்ன 17 பேரைக் கருவிக்குள் படுக்கவைத்துக் காதலரின் படத்தையும் நண்பர்களின் படங்களையும் மாறி மாறிக் காட்டினர். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வின்படி, காதலரின் முகத்தைக் கண்டதும் மூளையின் உள்ளாழத்தில் சில சிறு பகுதிகள் கிளர்ச்சி பெற்றன. அதே நேரத்தில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவும், பிறரைச் சீர்தூக்கிப் பார்க்க உதவும் முன்மூளைப் பகுதிகள் சிலவும் அடங்கின. காதலுக்குக் கண்ணில்லை என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததற்கு ஆய்வுக்கூடம் ஒப்பமிட்டதுபோல் இருந்தது அது.

2005-இல் ஆர்தர் ஏரன், எலன் ஃபிஷர், லூசி பிரவுன் ஆகியோர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு, புதிதாய்க் காதல்வயப்பட்ட 17 பேரைப் பற்றியது. அவர்களிடம் மிகுந்த கிளர்ச்சி காணப்பட்ட இடம் நடுமூளையின் அடியிலுள்ள ‘வென்ட்ரல் டெக்மென்டல்’ என்னும் சிறு பகுதி. டோபமைன் என்னும் வேதிப்பொருளை உண்டாக்கி மூளையின் பல பகுதிகளுக்கு அனுப்பும் ஊற்றுக்கண் அது. தாகத்தில் தண்ணீரைத் தேடவைப்பதும், குடிகாரனை மீண்டும் கடைவாசலுக்கு இழுத்துச் செல்வதும் இந்த ஊற்றிலிருந்து புறப்படும் பாதையே. எனவே அந்த ஆய்வாளர்கள் காதலை ஓர் உணர்ச்சி என்று சொல்வதைவிட ஒரு வேட்கை என்று சொல்வதே பொருந்தும் என்றனர். பசியைப்போல அதுவும் ஒன்றை நோக்கி ஆளைத் தள்ளுகிறது.

இத்தாலியின் பீசா நகரில் தொனத்தெல்லா மராசித்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அண்மையில் காதலில் விழுந்த 20 பேர், கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவுவதுபோன்ற எண்ணச் சுழற்சி நோயுடையவர் 20 பேர், இரண்டுமில்லாதவர் 20 பேர் என மூன்று குழுவினரின் இரத்தத் தட்டணுக்களை அவர் சோதித்தார். செரோட்டோனின் என்னும் பொருளைக் கடத்தும் புரதம், காதலர்களிடமும் நோயாளிகளிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. 12 முதல் 18 மாதம் கழித்து அக்காதலர்களுள் சிலரை மீண்டும் சோதித்தபோது அளவு இயல்புக்குத் திரும்பியிருந்தது. அவனையே நினைத்து, உண்ணாமல் உறங்காமல் கிடக்கும் அந்த நிலை நெடுநாள் நீடிப்பதற்கென்று அமைந்ததாகத் தெரியவில்லை.

களவும் கற்பும்

இவை யாவும் தமிழர்க்கு முற்றிலும் புதியவை அல்ல. தொல்காப்பியப் பொருளதிகாரம் காதல் வாழ்வைக் களவியல் என்றும் கற்பியல் என்றும் இரண்டாகப் பிரித்தே பேசுகிறது. இடைவிடாத நினைப்பும், உடல் மெலிவும், காண்பதெல்லாம் அவளாகவே தோன்றுவதும், மயக்கமும் களவுக் காலத்துக்குரியவை என்று அந்நூல் வரிசைப்படுத்துகிறது. பீசாவின் சோதனைக்குழாய்க்கு முன்னரே நம் இலக்கணத்தார் அந்த நிலையை அறிந்திருந்தனர். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே ஒதுக்கினர். உணர்ச்சி வேறு, உடல் வேறு என்று அவர்கள் கருதியதாகத் தெரியவில்லை.

திருக்குறளின் காமத்துப்பாலும் இவ்வாறே அமைகிறது. பரிமேலழகர் வகுத்தபடி பார்த்தால், 25 அதிகாரங்களில் களவியலுக்கு 7, கற்பியலுக்கு 18. கண்டு மயங்குவதற்கு 70 குறள்கள். பிரிந்திருப்பதற்கும் காத்திருப்பதற்கும் ஊடிக் கூடுவதற்கும் 180 குறள்கள். அன்பின் நீண்ட பகுதி எது என்பதில் வள்ளுவர்க்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. வீரமாமுனிவர் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமே எடுத்துக்கொண்டு காமத்துப்பாலை விட்டுவிட்டார். துறவியான அவருடைய தயக்கம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. எனினும் நிலைத்திருத்தலைப் பற்றிய அந்தப் பதினெட்டு அதிகாரங்களும் அறத்தின் பாடமே என்று இன்று நமக்குப் படுகிறது.

கற்பியலுக்குரிய பக்கத்தை ஆய்வாளர்கள் ‘பிணைப்பு’ என்று குறிக்கின்றனர். இங்கே பேசப்படும் வேதிப்பொருள்கள் ஆக்ஸிடாசினும் வாசோப்ரெஸ்ஸினும். பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதிச் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்பதை ஹென்றி டேல் 1906-இல் கண்டார். அச்சாற்றில் அவ்வாறு செயற்பட்ட பொருளே ஆக்ஸிடாசின். அதை 1953-இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய வின்சென்ட் து விக்னோ, 1955-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பிள்ளைப்பேற்றிலும் பால் சுரப்பதிலும் பணிபுரியும் இப்பொருள், துணையோடு பிணைக்கும் பணியிலும் பங்குபெறுகிறது என்ற எண்ணம் பின்னரே வந்தது. வட அமெரிக்கப் புல்வெளிகளில் வோல் என்னும் சிற்றெலி வகை ஒன்று இணைபிரியாமல் வாழ்கிறது. அதன் நெருங்கிய உறவான இன்னொரு வகை அவ்வாறு வாழ்வதில்லை. வாசோப்ரெஸ்ஸினை ஏற்கும் புரதத்தின் மரபணுவை, இணைசேர்ந்து வாழாத வகை ஆணெலியின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் செலுத்தியபோது அதுவும் ஒரே துணையை நாடத் தொடங்கிற்று என்று 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. செய்தித்தாள்கள் உடனே ‘கற்புக்கு ஒரு மரபணு’ என்ற போக்கில் எழுதின.

ஆனால் அறிவியல் அங்கேயே நின்றுவிடவில்லை. 2023-இல் வேறு ஆய்வாளர்கள், ஆக்ஸிடாசினை ஏற்கும் புரதமே இல்லாதபடி அந்தப் புல்வெளி எலிகளைப் பிறக்கச் செய்து பார்த்தனர். அவையும் இணைசேர்ந்தன, பிரியாமல் வாழ்ந்தன, குட்டிகளைப் பேணின. ஓர் எலியின் பிணைப்பே ஒரு சாவியால் திறக்கும் பூட்டு அன்று என்றால், மனிதரின் பிணைப்பை ஒரு பொருளின் பெயரைச் சொல்லி முடித்துவிட எவ்வாறு இயலும்? இதைப்போலவே, தாய்மார் தம் குழந்தையின் படத்தைக் காணும்போது எழும் கிளர்ச்சி, காதலரிடம் கண்ட கிளர்ச்சியோடு பல இடங்களில் ஒன்றியிருப்பதைப் பார்ட்டெல்ஸும் சேக்கியும் 2004-இல் கண்டனர். பெற்ற வயிறும் காதல் நெஞ்சும் மூளைக்குள் அடுத்தடுத்த வீடுகளே.

அப்படியானால் முதல் வெப்பம் தணிந்தபின் என்ன எஞ்சுகிறது? பியாங்கா அசிவேதோவும் உடனாய்வாளர்களும், மணமாகிச் சராசரியாக 21 ஆண்டு கழிந்தபின்னும் துணையை ஆழ்ந்து காதலிப்பதாகச் சொன்ன 17 பேரைச் சோதித்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டனர். புதுக் காதலரிடம் கிளர்ந்த அதே டோபமைன் ஊற்று அவர்களிடமும் கிளர்ந்தது. அதோடு பிணைப்புக்குரிய பகுதிகளும் கிளர்ந்தன. ஆனால் இவர்கள் தேடிப் பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. வெப்பம் இருபதாண்டு நிற்கக்கூடும் என்பதே இதனால் கிடைக்கும் செய்தி. எல்லார்க்கும் நிற்கும் என்பது அன்று.

நம் நாட்டில் பெற்றோர் பார்த்து முடிக்கும் மணத்தில் அன்பு மெல்ல மெல்ல ஏறுகிறது, காதல் மணத்தில் மெல்ல மெல்ல இறங்குகிறது என்று பலர் உறுதியாகச் சொல்வதுண்டு. அதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று, உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் ஜெய்ப்பூரில் 50 தம்பதியரிடம் நடத்தி 1982-இல் வெளியிட்ட ஆய்வு. அது அப்படித்தான் சொன்னது. ஆனால் அமெரிக்காவில் வாழும் இந்தியர் 58 பேரிடம் 2012-இல் நடந்த ஆய்வில் இருவகை மணத்துக்கும் இடையே அன்பின் அளவில் வேறுபாடு காணப்படவில்லை. அன்பு மணத்தின் வாயிலைப் பொறுத்ததன்று, வாயிலைக் கடந்து உள்ளே நடப்பதைப் பொறுத்தது என்று எண்ண இடமிருக்கிறது.

முகம் தெரிகிறது, நெஞ்சு பேசவில்லை

இங்கே தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் சான் டியேகோவில் பணியாற்றிய மூளையியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் ஆராய்ந்த ஒரு நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் விபத்தில் தலையில் அடிபட்டு, நினைவிழந்து கிடந்து, பின் தேறிய இளைஞர் ஒருவர் அவரிடம் வந்தார். பேச்சு தெளிவு, அறிவு தெளிவு. ஆனால் தாயைப் பார்த்ததும், “இந்த அம்மாள் என் தாயைப் போலவே இருக்கிறார், ஆனால் என் தாய் அல்லர், யாரோ வேடமிட்டு வந்திருக்கிறார்” என்ற பொருளில் பேசினார். அதே தாய் தொலைபேசியில் பேசினாலோ, உடனே தாய் என்று ஏற்றுக்கொண்டார்.

பிரெஞ்சு மருத்துவர் ஜோசஃப் காப்கிரா 1923-இல் விவரித்ததால் இது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. இதற்கு எல்லிஸ், யங் என்னும் இருவர் 1990-இல் முன்வைத்த விளக்கத்தை ராமச்சந்திரனும் ஹர்ஸ்டைனும் 1997-இல் சோதித்துக் காட்டினர். முகத்தை அடையாளம் காணும் பகுதியும், அம்முகத்தைக் கண்டு நெகிழும் பகுதியும் மூளையில் வேறுவேறு. இரண்டையும் இணைக்கும் பாதை அறுந்தால், முகம் தெரியும், நெகிழ்ச்சி எழாது. பழகிய முகத்தைக் காணும்போது நம் தோலில் நுண்ணிய வியர்வை அரும்பும். அதைக் கருவியால் அளக்கலாம். அந்த இளைஞருக்குப் பெற்றோரின் படத்தைக் கண்டபோதும் அந்த மாற்றம் எழவில்லை. செவியின் வழி செல்லும் பாதை அறுபடாததால் குரல் மட்டும் தாயின் குரலாகவே கேட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால், நெகிழ்ச்சி இல்லையேல் உறவே இல்லை என்று நாம் முடிவு கட்டியிருப்போம். ஆனால் இன்னொரு செய்தி உண்டு. முன்மூளையின் அடிப்பகுதி சிதைந்த நோயாளிகள் சிலரை டிரானல், தமாசியோ ஆகியோர் ஆராய்ந்து 1995-இல் எழுதினர். அவர்களுக்கும் பழகிய முகங்களைக் கண்டபோது அந்த நுண்வியர்வை அரும்பவில்லை. எனினும் அவர்கள் தம் உறவினரை வேடதாரிகள் என்று சொல்லவில்லை. நெகிழ்ச்சி எழாமை இருவகையினர்க்கும் ஒன்றே. ஒருவர் ‘இவள் என் தாய் அல்லள்’ என்கிறார். மற்றவர் ‘இவள் என் தாய்தான்’ என்கிறார். எனவே காப்கிரா நோய்க்கு நெகிழ்ச்சி அறுபடுவது மட்டும் போதாது. தனக்குள் எழும் எண்ணத்தைச் சீர்தூக்கி, ‘இது பொருந்தாது’ என்று தள்ளும் ஆற்றலும் பழுதுபட்டிருக்க வேண்டும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

நம் கேள்விக்கான விடையின் தொடக்கம் இங்கே இருப்பதாக நாம் நினைக்கிறோம். வெப்பம் செய்தி அனுப்பாத நாளிலும் ‘இவர் என்னவர்’ என்று சொல்லும் ஓர் ஆற்றல் நலமுள்ள மனிதரிடம் உண்டு. பத்தாண்டு வாழ்ந்த மனைவியைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை என்கிற கணவனுக்கு அந்த ஆற்றல் அறுபடவில்லை. நெகிழ்ச்சி இன்று எழவில்லை என்பது அவனைப் பற்றிய ஒரு செய்தி. அவள் அவனுக்கு யார் என்பதைப் பற்றிய தீர்ப்பு அன்று. அவன் இரண்டையும் ஒன்றாக்கிவிடும்போது, காப்கிரா நோயாளிக்கு நேர்ந்த பிழையைத் தானே விரும்பிச் செய்கிறான்.

சாக்குப்போக்குக்கு இடமில்லை

இதற்கு மறுப்பு ஒன்று எழலாம். சீர்தூக்கும் ஆற்றலும் மூளையில்தானே இருக்கிறது. அதையும் நாம் தேர்ந்துகொண்டோமா என்று கேட்கலாம். கேள்வி நேர்மையானது. மூளை சென்றடையாத ஒரு மூலையில் அன்பை ஒளித்துவைத்து அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. நாம் உடலோடு அன்பு செய்பவர்கள். குரல்வளை இல்லாமல் பாடல் இல்லை. அதனால் பாடல் என்பது குரல்வளைதான் என்று எவரும் சொல்வதில்லை. அக்குயினாசு தோமா அன்பை ஆராயும்போது, தானே எழும் விருப்பத்தையும் தேர்ந்துகொள்ளும் விருப்பத்தையும் வேறுபடுத்தினார். ஒருவரை அன்பு செய்வதாவது அவருக்கு நன்மையை நாடுவது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தையும் ஏற்றுக்கொண்டார். நன்மையை நாடுவதற்கும் மூளை வேண்டும். ஆனால் எவருக்கு, எந்த நன்மையை, எந்நாள்வரை என்பதை நரம்பணு முடிவு செய்வதில்லை. அந்த நரம்பணுக்களையுடைய ஆள் முடிவு செய்கிறார்.

அதனால்தான் உலகில் வாக்குறுதி என்று ஒன்று உண்டாயிற்று. வாக்கு மாறுவதும் நெறி வழுவுவதும் மக்களிடையே புகுந்தபின்னரே சான்றோர் திருமணச் சடங்கை ஏற்படுத்தினர் என்று தொல்காப்பியர் கருதுகிறார். நம் திருமணத் திருப்பலியிலும் மணமக்கள் நலமான நாளுக்கும் நோயுற்ற நாளுக்கும் சேர்த்தே வாக்களிக்கிறார்கள். என்றும் உன்மேல் இதே வெப்பம் எனக்கு இருக்கும் என்று அவர்கள் உறுதி சொல்வதில்லை. சொன்னால் அது எவராலும் காக்க முடியாத உறுதி.

கணவனிடம் இவ்வளவு சொன்ன நாம் தந்தையிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மகனின் காதலில் டோபமைன் பெருகுகிறது என்பது மெய்யே. அவன் பிறந்தபோது அவனைக் கையில் ஏந்திய இவருடைய மூளையிலும் அன்புக்குரிய அதே பாதைகள்தாம் விழித்தன. ஒன்றை இரசாயனம் என்று தள்ளி மற்றதைப் பாசம் என்று போற்ற மூளையியலில் இடமில்லை. மகனின் தேர்வு அறிவுடையதா, அந்தப் பெண்ணுக்கு அவன் உண்மையாய் இருப்பானா என்று கேட்பது தந்தையின் கடமை. சாதியைக் கேட்பது வேறு. அதற்கு அறிவியலின் போர்வையைப் போர்த்துவது இன்னும் வேறு.

காதலில் தோற்ற இளையோரையும் நினைக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தற்கொலைகளைப் பற்றி ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் காதல் விவகாரம் என்றே ஒரு காரணத் தலைப்பு இருக்கிறது. கைவிடப்பட்ட 15 பேரை ஃபிஷர் குழுவினர் 2010-இல் ஆராய்ந்தபோது, பிரிந்தவரின் படத்தைக் கண்டதும் வேட்கையின் ஊற்றும், உடல்வலியோடும் துயரத்தோடும் தொடர்புடைய பகுதிகளும் கிளர்ந்ததைக் கண்டனர். ஆகவே அந்தப் பிள்ளைகளிடம் ‘இதெல்லாம் ஒரு வலியா’ என்று கேட்பது பொய்யான கேள்வி. வலி மெய். அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது: பிரிந்து நாள் செல்லச் செல்லப் பிணைப்புக்குரிய ஒரு பகுதியில் கிளர்ச்சி குறைந்திருந்தது. அதாவது அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யாமல் உயிரோடிருந்தாலே காலம் அவன் பக்கம் வேலை செய்கிறது. அந்த நாள்களில் அவனைத் தனியே விடாமல் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அது வீட்டாரின் வேலை, பங்குமக்களின் வேலை.

பிணைப்பு என்பதாலேயே அது நல்லது என்றும் கொள்ளலாகாது. அடிக்கும் கணவனோடும் பிணைப்பு உண்டாகிறது; அவனைவிட்டு வந்தவளுக்கும் அவன் முகம் கனவில் வருகிறது. அதைக் காட்டி, ‘பார், அவளுக்கு அவன்மேல் ஆசை இருக்கிறது, திரும்ப அனுப்புங்கள்’ என்று ஊர் சொல்லுமானால் அது மூளையின் ஒரு சுழற்சியைத் தாலிக்கயிறாக்கும் கொடுமை. துணைவரின் உடலுக்கோ உள்ளத்துக்கோ பேரிடர் விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே இடம் தருகிறது. வீட்டு வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் நாட்டில் இருக்கிறது. வாக்குறுதி இருவரின் நன்மைக்காக. ஒருவர் இன்னொருவரை நசுக்குவதற்காக அன்று.

கொடியும் பந்தலும்

ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே தோட்டம் வைத்திருப்பவர்கள் இவ்வளவு சுற்றிவளைத்துப் பேசாமலே ஒன்றை அறிவார்கள். கொடியைக் கவாத்து செய்தபின் பந்தலில் இலையும் இல்லை, பூவும் இல்லை. காய்ந்த சுள்ளிபோலத் தொங்குகிறது. புதிதாய்ப் பார்ப்பவன் பட்டுப்போயிற்று என்பான். தோட்டக்காரர் அப்படிச் சொல்வதில்லை. கொடி யாருடையது, அதன் வேர் எங்கே இருக்கிறது என்பதை அவர் அறிவார். நீர்விட்டு, உரமிட்டு, நோய் பார்த்துக் காத்திருக்கிறார். துளிர் வருகிறது, சுமார் நான்கு மாதத்தில் குலை வருகிறது. கல்தூணும் கம்பிப் பந்தலும் ஒரு காய்கூடக் காய்ப்பதில்லை. ஆனால் பந்தல் இல்லாத கொடி தரையில் படர்ந்து அழுகிப்போகும். கொடியில்லாத பந்தலோ வெயிலுக்கு நிழல்கூடத் தராது.

உணர்ச்சி கொடி என்றால் வாக்குறுதி பந்தல். பந்தலைப் பிடித்துக்கொண்டு கொடியைக் காயவிடும் இல்லறங்கள் நம்மிடையே உண்டு. ஊருக்குப் பயந்து ஒரே கூரையின்கீழ் இருபதாண்டு பேசாமல் வாழ்பவர்கள் வாக்கைக் காத்தவர்கள் ஆவார்களா என்பது நம்மை உறுத்த வேண்டிய கேள்வி. தோட்டக்காரர் சும்மா காத்திருப்பதில்லை. நாள்தோறும் தோட்டத்துக்குப் போகிறார். நெகிழ்ச்சி எழாத நாளில் கணவன் செய்யக்கூடியது அதுவே: அவள் பேசும்போது கேட்பது, காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுப்பது, கோபத்தை இரவுக்கு எடுத்துச் செல்லாதிருப்பது. தொடுதலும் நெருக்கமும் பேணுதலும் பிணைப்புக்குரிய பாதைகளை மீண்டும் உயிர்ப்பிக்கக்கூடும். உணர்ச்சியிலிருந்து செயல் பிறப்பதுபோலவே செயலிலிருந்தும் உணர்ச்சி பிறப்பதுண்டு.

நினைவு போன பின்

இறுதியாக, முதுமையில் மறதிநோய் கண்டவர்களின் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களுள் ஒன்று ஹிப்போகேம்பஸ், அதாவது புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்கும் பகுதி. நோய் முற்றும்போது மனைவி தன் கணவரைப் பார்த்து, “இந்தப் பெரியவரு யாரு? எதுக்கு நம்ம வீட்டுல இருக்காரு?” என்று கேட்கிறாள். சில வேளைகளில் காப்கிரா நோயே தலைகாட்டி, “இவரு என் வீட்டுக்காரரு இல்ல” என்று கதவைச் சாத்துகிறாள். பேய் பிடித்துவிட்டது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் பேசுகிறார்கள். அது மூளையின் நோய் என்று அறிந்து சொல்வதே அந்த வீட்டுக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி. அதன்பின் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அடுத்த உதவி.

அந்தப் பெரியவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவளிடமிருந்து அவருக்கு இனி எந்த மறுமொழியும் இல்லை. அவருடைய சொந்த நெஞ்சே அலுத்துப்போன நாள்கள் பல இருக்கும். ஆயினும் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறார், தலையைச் சீவிவிடுகிறார், இரவில் எழுந்து நடப்பவளைத் திரும்பக் கட்டிலுக்கு அழைத்துவருகிறார். அவள் அவரை இன்னார் என்று சொல்லாவிட்டாலும் அவர் அவளை இன்னாள் என்று சொல்கிறார். இருவருக்குமாகச் சேர்த்து அவர் ஒருவரே நினைவு வைத்திருக்கிறார்.

இது வீணா? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் அல்சைமர் நோயாளிகளுக்குத் துயரக் காட்சிகளையும் மகிழ்ச்சிக் காட்சிகளையும் காட்டினர். பார்த்த காட்சி சற்று நேரத்தில் அவர்களுக்கு மறந்துபோயிற்று. ஆனால் காட்சி எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் மறதிக்குப் பின்னும் அவர்களிடம் தங்கியிருந்தன. ஏன் மகிழ்ச்சியாய் இருக்கிறோம் என்று தெரியாமலே அவர்கள் மகிழ்ச்சியாய் இருந்தனர்.

எனவே அந்தப் பெரியவர் காலையில் ஊட்டிய சோற்றை அவள் மதியத்தில் மறந்துவிடலாம், ஊட்டியவரையும் மறந்துவிடலாம். ஆனால் யாரோ தன்னிடம் அன்பாய் இருந்தார் என்ற இதம் சற்று நேரமேனும் அவளிடம் தங்குகிறது. அது தணிந்ததும் அவர் மீண்டும் பக்கத்தில் போய் உட்காருகிறார்.